வியர்த்தால் மட்டும் போதாது

அக்னி நட்சத்திர வெயிலில், நடுப்பகலில், கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சைக்கிள் மிதித்துவிட்டு, "நல்லா வேர்த்துச்சு, உடம்புக்கு நல்லது" என்று படம் போடுகிறார்கள் நம் பிள்ளைகள். பெரியவர்களும் கைதட்டுகிறீர்கள். நான் தட்ட மாட்டேன்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று ஐந்தாம் வகுப்பில் நடத்தியவன் நான். ஈரம் ஆவியானால்தான் குளிர்ச்சி. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை சரியாக ஆவியாகாது, சொட்டி வீணாகும். நீரும் உப்பும் போகும், சூடு போகாது. போன மே மாதம் என் பழைய மாணவன் ஒருவன் பாதி வழியில் சுருண்டு விழுந்தான்.

விடியலில் கிளம்புங்கள். உப்புப் போட்ட மோர் கொண்டுபோங்கள். தலை சுற்றினால் நிழலில் இறங்குங்கள். பாதியில் திரும்புவது தோல்வியல்ல. அவனை மருத்துவமனைக் கட்டிலில் பார்த்தவன் சொல்கிறேன். கைதட்டியவர் ஒருவரும் அங்கே வரவில்லை.