நத்தை விட்டால் போதுமா?

வீட்டில் சிறு கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களிடையே ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. கண்ணாடியில் பச்சையாகப் பாசி படரத் தொடங்கியதும், சென்னைக் கொளத்தூரின் மீன்கடைகளிலாகட்டும், சிற்றூர்க் கடைத்தெருவிலாகட்டும், போய் முறையிட்டால் கிடைக்கிற பதில் ஒன்றே: "ரெண்டு நத்தை வாங்கி விடுங்க சார், அப்புறம் தொட்டியைத் தொடவே வேண்டாம்." பாசியைத் தின்னும், மீனின் கழிவைத் தின்னும், தனக்கென்று எதுவும் கேட்காது, எந்தத் தண்ணீரிலும் கிடக்கும், செத்தாலும் நஷ்டமில்லை என்று அந்தச் சிறு பிராணியின்மேல் ஏற்றப்படுகிற குணங்கள் பல. நானும் அந்த வாக்கை நம்பி, சுமார் 30 லிட்டர் கொள்ளும் தொட்டியில் வரிபோட்ட நெரைட் நத்தைகள் மூன்றை விட்டு, நான்கு மாதத்துக்குள் மூன்றையும் பறிகொடுத்தவன். ஆகையால் இந்த அபிப்பிராயத்தைக் கூறு கூறாக எடுத்துப் பரிசீலிப்பது வாதப் பிரியத்தால் நேர்ந்த காரியமன்று. அந்த மூன்று ஜீவன்களுக்கு நான் பட்ட கடன் என்றே கருதுகிறேன்.

நத்தை தொட்டிக்கு உபகாரி என்ற எண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திர நிபுணர், 12 கேலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் ஏறத்தாழப் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, அடியில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டுப் பார்த்த சோதனையின் முடிவை, 1850-இல் அந்நகரத்து ரசாயனச் சங்கத்தில் வாசித்தார். செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கெட ஆரம்பித்தபோது அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட, அவை அழுகலைத் தின்று தீர்த்தன. நீர் மறுபடி தெளிந்தது. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கலாம் என்ற கொள்கை அந்தப் பாத்திரத்திலிருந்து பரவியது. ஆனால் அங்கே இருந்தவை இரண்டே மீன்கள். வேரூன்றி வளர்ந்த செடி ஒன்று. நத்தை தின்றதும் அந்தச் செடியின் அழுகலையே. நாமோ பிளாஸ்டிக் இலைகளைச் செருகி, பத்துப் பன்னிரண்டு மீன்களை அடைத்து, வேளைக்கு ஒரு பிடி தீனியையும் தூவிவிட்டு, வாரிங்டனிடமிருந்து நத்தையை மட்டும் இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

பாசி முழுவதையும் நத்தை தீர்த்துவிடும் என்பது முதற் கூற்று. பாசி என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது ஒரே வஸ்துவை அன்று. புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் தவிட்டு நிறமாகப் படர்வதையும், வெளிச்சம் மிகுந்த கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலமாகப் படிவதையும் நெரைட் ஆவலோடு மேயும். நீர் முழுவதுமே பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆகிவிட்டால், அது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்க் கூட்டமாதலால் நத்தைக்கு எட்டாது. இலையோரங்களில் கறுப்புத் தாடியைப்போல் குத்திட்டு நிற்கிற பாசியை அநேகமாக எந்த நத்தையும் தொடுவதில்லை. நீலங்கலந்த பச்சையாய், நாற்றத்தோடு, போர்வைபோல் உரிந்து வருவது பாசியே அன்று, ஒருவகை பாக்டீரியா. அதையும் அவை தவிர்த்தே போகின்றன.

நெரைட் மேய்வதைக் கண்ணாடியின் மறுபுறத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். அகன்ற பாதத்தின் முன்புறம் சிறு பிளவுபோன்ற வாய் திறக்கிறது, உள்ளிருந்து நாக்கு ஒரு முறை வழித்து மறைகிறது, வாய் மூடுகிறது, தலை அணுவளவு நகர்ந்து மறுபடியும் திறக்கிறது. அந்த நாக்கில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக, அரம்போல் அமைந்திருக்கின்றன. அது போன வழியெல்லாம், பச்சைப் படலத்தின் நடுவே, இடமும் வலமும் வளைந்து வளைந்து தெளிந்த கண்ணாடிக் கோடு ஒன்று பிறக்கிறது. எத்தனை மாலைப்பொழுதுகள் பார்த்தும் எனக்கு அந்தக் காட்சி அலுத்ததில்லை. அரம் எதில் படியுமோ அதைத்தான் அராவும். மிதப்பதையும் நாராக நீண்டு ஆடுவதையும் அதனால் என்ன செய்ய முடியும்?

அடுத்த கூற்று, நத்தை மீனின் கழிவைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் என்பது. எல்லாவற்றிலும் கேடு மிகுந்தது இதுவே. மீனின் எச்சம் நத்தைக்கு ஆகாரமன்று. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை நீரில் விடுகிறது. எச்சமும் மிஞ்சிய தீனியும் அழுகியும் அதுவே உண்டாகிறது. மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறுகிற பாக்டீரியாக்கள் அந்த விஷத்தை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைபெறவே 4 முதல் 6 வாரங்கள் செல்லும். நத்தையோ மீனைப்போல் தானும் ஒரு பிராணி; உண்டதில் ஒரு பங்கை உடலாக்கிக்கொண்டு மீதியைக் கழிக்கிறது. கண்ணாடியிலிருந்த பாசி அதன் வயிற்றுக்குள் போய், மணலின்மேல் கரிய துணுக்குகளாக விழுந்து, கரைந்து, திரும்பவும் பாசிக்கே உரமாகிறது. தொட்டிக்குள் வந்த சத்து வெளியேற வேண்டுமானால், குழாய் வைத்து அடிமண்டியோடு நீரை இழுத்துக் கொட்டிப் புதுநீர் விட வேண்டும். அல்லது செடி வளர்த்து, வளர்ந்ததைக் கத்தரித்து எடுக்க வேண்டும்.

இதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. வெளிச்சமும் தீனியும் அளவு கடந்துவிட்டன என்று தொட்டி நமக்குக் காட்டுகிற அடையாளமே பாசி. நத்தை அந்த அடையாளத்தை அழித்துவிடுகிறது. காரணம் அப்படியே இருக்கிறது. என் தொட்டி கிழக்குப் பார்த்த ஜன்னலின் அருகே காலை வெயில் நேராக விழும்படி இருந்தது. நத்தைகள் வந்த பத்தே நாளில் கண்ணாடி பளிச்சென்று ஆனதைக் கண்டு மகிழ்ந்து, நான் ஐந்து வாரம் நீர் மாற்றவில்லை. ஒருநாள் விடியலில் மீன்களெல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தன. கண்ணாடி மட்டும் அப்போதும் தெளிவாகவே இருந்தது.

தனக்கென்று தீனி கேட்காது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாசி தீர்ந்த சிறு தொட்டியில் நத்தை பட்டினி கிடக்கிறது. மீனைப்போல் முன்னால் வந்து நின்று கேட்கத் தெரியாததால் அந்தப் பட்டினி நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். என் முதல் நத்தை அப்படித்தான் போயிற்று. வெள்ளரிக்காய் வில்லையையோ கீரை இலையையோ கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து, ஆறவைத்து, சிறு கல்லோடு கட்டி மாலையில் இறக்கி, மறுநாள் காலையில் மீந்ததை எடுத்துவிட்டால் போதும். நெரைட் முதலில் சில நாள் அதைத் தீண்டாமலிருந்தாலும் நாளடைவில் பழகிவிடுவதுண்டு.

எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் என்பது மேலும் பெரிய பிழை. நத்தையின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அந்தச் சத்தை அது உணவிலிருந்தும் நீரிலிருந்தும் பெற்றாக வேண்டும். புளிப்புத்தன்மை கொண்ட நீரில் கட்டிய ஓடும் கரைந்துபோகும். சென்னையின் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பென்று நாம் சலித்துக்கொள்கிறோம். நத்தைக்கோ அந்தக் கடினநீர் பெரும்பாலும் ஏற்றதே. நான் மீன்களுக்கு நல்லது செய்வதாக எண்ணி, தாதுக்களெல்லாம் வடிக்கப்பட்ட ஆர்.ஓ. கேன் தண்ணீரையே ஊற்றி வந்தேன். இரண்டாவது மாதத்தில் கரும்பழுப்பு வரிகளுக்கிடையே ஓட்டின் உச்சிச் சுருளில் வெண்மையாகச் சிறு குழிகள் தோன்றின. நகத்தால் வருடினால் சொரசொரத்தது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிற கணவாய் ஓட்டில் ஒரு துண்டை நீரில் போட்டுவைக்கலாம் என்று அறிந்தபோது காலம் கடந்திருந்தது. ஏனெனில் அதற்குள் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் கண்டு, நான் வாங்கி ஊற்றிய மருந்தில் செம்பு கலந்திருந்தது. நம் இரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையைப் பெரும்பாலான நத்தைகளின் இரத்தத்தில் செம்புதான் செய்கிறது. இருந்தும் நீரில் கரைந்த செம்பு அவற்றுக்குக் கொடிய நஞ்சு. மயில்துத்தம் தெளித்து நத்தைகளைக் கொல்லும் வழக்கமே உண்டு. எஞ்சிய இரண்டும் ஓரிரவில் பிடி தளர்ந்து மணலில் விழுந்துகிடந்தன. மருந்துப் புட்டியின் முகப்பைப் படிக்காமல் ஊற்றியவன் நான்தான். அதை எண்ணும்போது இன்றும் மனம் கூசுகிறது.

இதற்கு நேரெதிராக, நத்தை பெருகித் தொட்டியையே பாழாக்கிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. செடியோடு ஒட்டிவந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிற சிறு குளத்து நத்தைகள் மிச்சத் தீனியின் அளவுக்கே பெருகுகின்றன. தீனியைக் குறைத்தால் அவையும் குறையும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வேண்டாத நத்தைகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. தென்னமெரிக்காவின் பொன்னிற ஆப்பிள் நத்தை, 1980-ஐ ஒட்டித் தைவானுக்கும் பிறகு பிலிப்பைன்ஸுக்கும் உணவுக்காகக் கொண்டுபோகப்பட்டு, நீர்வழிகளில் தப்பிப் பரவி, நெல்வயல்களில் இளநாற்றுகளைத் தின்று விவசாயிகளுக்கு உண்டாக்கிய நஷ்டம் கொஞ்சமன்று.

செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுத்தான் மிச்சம். நெரைட்டின் குஞ்சு வளர்வதற்கு உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகத்து நீர் வேண்டும். நம் தொட்டியின் நன்னீரில் அது தழைப்பதில்லை. ஆகவே கடையில் நாம் காண்கிற நெரைட்டுகள் பெரும்பாலும் ஏதோவொரு கழிமுகத்தின் கல்லிலிருந்தோ மரவேரிலிருந்தோ பெயர்த்துக்கொண்டு வரப்பட்டவை. இப்போது என் தொட்டி ஜன்னலை விட்டு உட்சுவரோரம் வந்துவிட்டது, விளக்கு எரிவது ஏழு மணி நேரம், ஞாயிறுதோறும் நாலில் ஒரு பங்கு நீர் மாறுகிறது, நத்தைகள் இரண்டே. அவற்றில் ஒன்று தொட்டியிலுள்ள மரத்துண்டின்மேல் எள்ளளவான வெள்ளை முட்டைகளை வைத்துக்கொண்டேயிருக்கிறது. பார்ப்பதற்கு அழகில்லை, பழைய பிளேடால் சுரண்டிவிடுங்கள் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். நேற்று எண்ணிப் பார்த்தேன், 34 இருந்தன. அவற்றை நான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.