டிராயிங்கில் பெயரில்லாத ஜாப்

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வந்து சேரும் சாலையை நம்பிப் பிழைக்கும் பட்டறைகள் பெரும்பாலும் ஜாப் ஒர்க் பட்டறைகள். டிராயிங் வருகிறது, மெட்டீரியல் வருகிறது, நாம் வெட்டிக் கொடுக்கிறோம். பொருள் எந்த வண்டியில், எந்த இயந்திரத்தில் போய் உட்காரும் என்று கேட்பதில்லை. கேட்பது அத்துமீறல் என்றுகூட நம்மில் பலர் நினைக்கிறோம். டிராயிங்கில் பாகத்தின் பெயரே இருக்காது; ஒரு எண்ணும், அளவுகளும், டாலரன்ஸும் மட்டுமே இருக்கும். கார்த் தொழிற்சாலைகளுக்கு மூன்றாம் நான்காம் அடுக்கில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்து வந்திருக்கிறது. இந்த வழக்கம் இனி செல்லாது என்பதே இந்த உரையின் வாதம். அதற்குக் காரணம், உலகின் சில நாடுகளில் பொழுதுபோக்காக வளர்ந்து, காணொளிகள் வழியே நம் பட்டறைப் பையன்களின் கைப்பேசி வரை வந்துவிட்ட ஒரு ஆர்வம்: உறுப்பு உறுப்பாக வாங்கியோ வெட்டியோ, தன் கைக்கு ஏற்ற கைத்துப்பாக்கியை வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் ஆர்வம்.

அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கியின் சட்டகத்தையே ஆயுதமாக எண்ணியது. வரிசை எண் அதில்தான் பொறிக்கப்படும். வாங்குபவரின் பின்னணியும் அதற்காகத்தான் சரிபார்க்கப்படும். மற்ற உறுப்புகளைப் பெரும்பாலும் கடைச்சரக்காகவே வாங்கலாம். தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தானே ஒரு துப்பாக்கி செய்துகொள்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. இந்த மண்ணில்தான் பழைய 1911 வகைக் கைத்துப்பாக்கியை மணிக்கணக்கில் உட்கார்ந்து அராவிப் பொருத்தும் நுண்கைவினை வளர்ந்தது. அவர்களில் பலர் உண்மையான கைவினைஞர்கள். மைக்ரான் கணக்கில் பொருத்தம் பார்ப்பது எப்படிப்பட்ட சுகம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே சட்டத்தின் இடுக்கில் இன்னொன்றும் முளைத்தது. சட்டகத்தை முக்கால் பங்குக்கு மேல் முடித்து, கடைசி வேலையை மட்டும் மீதி வைத்து, 'இது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை' என்று சொல்லி, வரிசை எண் இல்லாமல் 'கிட்' என்று பெட்டியில் அடைத்து விற்றார்கள். 2017-இல் காவல்துறைகள் தடம் காணச் சொல்லி அனுப்பிய வரிசை எண் இல்லாத துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021-இல் 19,000-க்கும் மேல். அனுப்பும் பழக்கம் கூடியதும் இந்த ஏற்றத்துக்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். அதைக் கழித்தாலும் நான்கே ஆண்டுகளில் பத்து மடங்குக்கு மேல் என்பது சிறிய சேதி அல்ல. 2022-இல் அங்கே புது விதி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச் 26 அன்று 7-க்கு 2 என்ற கணக்கில் விதி நிலைத்தது. எளிதில் முழுமையாக்கக்கூடிய பெட்டியும் துப்பாக்கியே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பொழுதுபோக்குக்குத் தாயகமான நாடே, உறுப்புக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் தான் போட்ட கோட்டை இப்போது பின்னால் நகர்த்தியிருக்கிறது.

நம் நாட்டில் அந்தக் கோடு எப்போதும் இருந்ததில்லை. காணொளி பார்த்து மயங்குகிறவர்களும் அவர்களுக்கு வெட்டிக் கொடுக்கத் துணிகிறவர்களும் தவறவிடுவது இதைத்தான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இரண்டாம் பிரிவில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போதே அதன் உறுப்புகளையும், அதைச் செய்வதற்கான இயந்திரங்களையும் சேர்த்துக்கொள்கிறது. இங்கே சட்டகம் ஒன்று தனி, மற்றதெல்லாம் சாதாரணச் சரக்கு என்ற பாகுபாடு இல்லை. ஐந்தாம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாமே தடை. எட்டாம் பிரிவு அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் தடுக்கிறது. ஐந்தாம் பிரிவை மீறிச் செய்வதற்கு முன்பு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை இருந்த தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள். தடை செய்யப்பட்ட வகை ஆயுதமானால் தொடக்கமே பத்து ஆண்டு. ஒரு ஷிஃப்டில் முடிந்துவிடும் ஜாப்புக்கு இவ்வளவு விலை.

சட்டம் படித்தவர்கள் இங்கே 45-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். வேறு உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு உறுப்புகளை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் அது விலக்கு தருகிறது. பழைய துப்பாக்கியின் ஒரு திருகையோ ஸ்பிரிங்கையோ வீட்டில் வைத்திருப்பவரை இழுத்துப் போகாமல் இருக்க எழுதப்பட்ட நியாயமான விலக்கு அது. ஆனால் அந்த வரியை நிறுத்திப் படியுங்கள். வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது என்று மூன்றே வினைகள்; 'செய்வது' அதில் இல்லை. கிட் கோக்கும் ஆர்வலர் கேட்கும் உறுப்போ, இன்னொரு உறுப்போடு சேர்வதற்கென்றே கேட்கப்படுவது. ஆக, அந்த விலக்கின் கீழ் பட்டறைக்கு ஒதுங்க இடமில்லை.

இது ஏதோ தொலைதூர ஊரின் கவலை என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிகளோடு பிடிபட்டார்கள். வாடகைக்கு வீடு எடுத்து, இணையக் காணொளிகளைப் பார்த்து, தாங்களே செய்தார்கள் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. வழக்கு அதே ஆண்டில் தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது. அந்த இளைஞர்கள் பிடிபட்டுச் சில வாரங்கள் கழித்து, ஜூலை 8 அன்று, உலகிலேயே கடுமையான துப்பாக்கிச் சட்டம் கொண்ட நாடுகளில் ஒன்றான ஜப்பானில், முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே வீட்டில் செய்த துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டும் ஒரே வகைச் சம்பவம் என்று சொல்ல வரவில்லை. கடையில் விற்கும் ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவதோடு வேலை முடியவில்லை, உலோகம் வெட்டும் இடத்துக்கும் கேள்வி வந்து சேரும் என்பதை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

பீகாரின் முங்கேரை நம் தொழிலில் இருப்பவர்கள் தனியாகப் படிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மீர் காசிம் தன் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை அமைத்த காலத்திலிருந்து அந்த ஊரில் துப்பாக்கி செய்யும் கை இருக்கிறது. உரிமம் பெற்ற பட்டறைகளும் அங்கே உண்டு. ஆர்டர் வற்றியபோது தேர்ந்த கைகளில் ஒரு பகுதி கள்ளச் சந்தைக்குப் போனது. இன்று முங்கேர் என்ற பெயரைக் கேட்டால் கைவினை நினைவுக்கு வருவதில்லை, கள்ளத் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. மேற்கு வங்கத்தில் காவல்துறை பிடித்த வழக்குகளில் வெளிப்பார்வைக்குச் சாதாரண லேத் பட்டறையாக இருந்த இடங்களில் பாதி முடிந்த கைத்துப்பாக்கிகள் கிடைத்திருக்கின்றன. பாதி வேலை ஓரிடத்தில், மீதி வேலை வேறிடத்தில். ஜாப் ஒர்க் என்ற நம் ஏற்பாட்டின் அச்சு அசலான நகல் அது. ஒரு ஊரின் பெயர் இப்படிப் போய்விட்டால், தப்பு செய்யாத நூறு பட்டறைகளும் சேர்ந்துதான் அதைச் சுமக்க வேண்டும்.

சட்டத்தை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு வேலையின் கண்ணோடு பார்த்தாலும் முடிவு மாறாது. நம் பட்டறைகளின் ஹைட்ராலிக் பிரஸ்கள் இருநூறு, இருநூற்றைம்பது பார் அழுத்தத்தில் ஓடுகின்றன; அதற்கே ஹோஸ் வெடித்தால் ஆள் போய்விடும் என்று பயந்து கார்டு போடுகிறோம். மிகச் சாதாரணமான 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவின் உச்ச அழுத்தம் ஐரோப்பியத் தரநிலையில் 2,350 பார். அது முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, கைக்குள் நடக்கிறது. உரிமம் பெற்ற தொழிற்சாலையில் ஒவ்வொரு துப்பாக்கியும் இயல்பை விட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்க்கப்பட்டு, தேறினால் மட்டுமே முத்திரை பெறுகிறது. மெட்டீரியல் சான்று, வெப்பப் பதம், விரிசல் சோதனை எல்லாம் அந்த முத்திரைக்குப் பின்னால் நிற்கின்றன. டிராயிங்கில் அளவு சரியாக வந்துவிட்டால் பாகம் சரி என்று எண்ணுவது பயிற்சி ஆள் செய்யும் பிழை. காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சொல்வதும் இதுதானே? கோர்வை கண்ணுக்கு அழகாக விழுந்திருக்கலாம். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதனைக்கூடம் சொன்ன பிறகே சேலைக்கு விலை. சேலையில் ஏமாந்தால் பணம் போகும். இங்கே போவது கையும் கண்ணும், சமயத்தில் பக்கத்தில் நிற்பவரின் உயிரும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, 'இது வெறும் கைவினை ஆர்வம். ஆர்வத்தைக் குற்றமாக்காதீர்கள்' என்பது. ஆர்வம் குற்றமில்லை. துப்பாக்கியின் இயங்குமுறை பொறியியலின் அழகான பக்கங்களில் ஒன்று. அதைப் படிப்பதையும் வரைந்து புரிந்துகொள்வதையும் யாரும் தடுக்கவில்லை. உண்மையிலேயே அந்த வேலையில் கை வைக்க விரும்பும் இளைஞருக்குத் தமிழ்நாட்டில் நேர்வழி இருக்கிறது. திருச்சியில் 1960-களிலிருந்து சிறு ஆயுதங்கள் செய்யும் படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகளோடு 2019-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஆர்டரை, அதன் உரிம எண்ணோடும் ஆய்வு முறையோடும் எடுத்துச் செய்யும் பட்டறை தலை நிமிர்ந்து செய்யலாம். கைப்பொருத்தத்தின் சுகம் மட்டும் போதும் என்பவருக்கு, சிறு நீராவி இயந்திரமும் கடிகாரமும் துப்பாக்கியை விடக் கடினமான பாடங்களே.

இரண்டாவது மறுப்பு சற்று கனமானது. இந்தியரை நிராயுதபாணியாக்க வெள்ளையர் போட்ட 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசுதானே இன்றைய சட்டமும், அதற்கு ஏன் நாம் காவல் நிற்க வேண்டும் என்பது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் என்று பாகுபடுத்திய அந்தச் சட்டம் அவமானகரமானது, அதில் சந்தேகமில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780-இல் ஹைதர் அலியின் படை இரும்புக் கூட்டில் மருந்து அடைத்த ராக்கெட்டுகளோடு கம்பெனிப் படையை முறியடித்த வட்டாரம் இது. ஆயுதம் செய்யும் அறிவு நமக்கு அந்நியமல்ல என்ற பெருமை இருக்கட்டும். ஆனால் 1959-இல் வந்தது விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். உரிமம் எல்லோருக்கும் ஒன்று. அந்தச் சட்டம் இறுக்கமாக இருக்கிறது என்று கருதுபவர் அதை மாற்றக் கோரலாம். அதுவரை, வரிசை எண் இல்லாத ஒரு சட்டகத்தை ராத்திரி ஷிஃப்டில் வெட்டுவது எந்த அரசியலும் ஆகாது.

'முப்பரிமாண அச்சு வந்த பிறகு பட்டறையைக் காவல் காத்து என்ன பயன்' என்பது இன்னொன்று. ஜப்பானில் அப்படித் துப்பாக்கியை அச்சிட்ட ஒருவருக்கு 2014-இலேயே இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. அச்சு இயந்திரமும் நம்மிடம்தானே வந்துகொண்டிருக்கிறது? மாதிரி எடுக்க வாங்கி வைக்கும் பட்டறைகளில் கோப்பை யார் கொண்டுவந்தார், எதற்கு என்ற கேள்வி அங்கேயும் அதேதான்.

நடைமுறையில் இருந்து எழும் மறுப்பே எல்லாவற்றிலும் நேர்மையானது. ஐந்து ஆள், இரண்டு விஎம்சி வைத்திருப்பவர் வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்டால் அவர் அடுத்த பட்டறைக்குப் போவார். டிராயிங் ரகசியம் என்று கையெழுத்து வாங்கியிருப்பார். ஒரு பிளாக்கைப் பார்த்து இது துப்பாக்கிக்கா, பேக்கிங் மெஷினுக்கா என்று யாரால் சொல்ல முடியும்? உண்மை, பல நேரம் சொல்ல முடியாது. அதனால்தான் கண்ணை நம்பாமல் காகிதத்தை நம்ப வேண்டும். தெரிந்த நிறுவனத்திடமிருந்து ஒழுங்காக வரும் ஆர்டருக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. சந்தேகம் எழ வேண்டியது தனி ஆளாக வந்து, ஒன்றோ இரண்டோ மட்டும் கேட்டு, ஜிஎஸ்டி பில் வேண்டாம், ரொக்கமாகத் தருகிறேன், டிராயிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லும் ஜாப்பில்தான். அங்கே பாகத்தின் பெயர், அது சேரும் இயந்திரத்தின் பெயர், கொண்டுவந்தவரின் அடையாளச் சான்று, ஆயுதத்துக்கோ அதன் உறுப்புக்கோ அல்ல என்ற கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் வாங்கிக் கோப்பில் வைக்க ஐந்து நிமிடம் ஆகும். நேர்மையாக வந்தவர் அதற்குத் தயங்க மாட்டார். தயங்குகிறவரின் ஜாப் நமக்கு வேண்டாம். ரகசிய ஒப்பந்தம் தடை என்றால், டிராயிங்கை வெளியே காட்டாதே என்பதுதான் அந்த ஒப்பந்தம். என்ன செய்கிறாய் என்று நீயே தெரிந்துகொள்ளாதே என்று எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தாது. அடுத்த பட்டறைக்குப் போய்விடுவாரே என்ற பயத்துக்கு, அடுத்த பட்டறையும் அதே தாளை நீட்டுவதே பதில். அதற்கு ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரையுள்ள பட்டறைக்காரர்கள் ஒருமுறை கூடிப் பேசினால் போதும்.

முதலாளி மேசையோடு இது நின்றுவிடவும் கூடாது. இரவில் இயந்திரம் ஓட்டும் பையனிடம்தான் 'அண்ணே, எனக்கு ஒரு சின்ன பீஸ்' என்று நண்பன் வந்து நிற்பான். மிச்சத் துண்டில், யாருக்கும் தெரியாமல், நட்புக்காக வெட்டிக் கொடுத்தாலும் ஐந்தாம் பிரிவு அவனையும் தொடும் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறோம்? பாதுகாப்புக் கண்ணாடி போடு என்று சுவரில் எழுதியிருக்கிறோம், சேலை, துப்பட்டா கட்டி வராதே என்று எழுதியிருக்கிறோம். ஜாப் கார்டு இல்லாமல் ஸ்பிண்டில் சுற்றக் கூடாது என்பதையும் அதன் கீழே எழுதி, ஏன் என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். கன்ட்ரோலரில் எந்த நேரத்தில் எந்த புரோகிராம் ஓடியது என்ற பதிவை வாரம் ஒருமுறை ஜாப் கார்டுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தற்போது பெரும்பாலான பட்டறைகளில் அந்தப் பதிவை, டூல் உடைந்த அன்று தவிர யாரும் திறப்பதில்லை.