நான்கு நரம்பும் பத்து நிமிடமும்



சில மாதங்களாக நான் உகுலேலே என்ற வாத்தியத்தைப் பழகி வருகிறேன். கிற்றாரின் தங்கை போலிருக்கும். நீளம் ஏறத்தாழ 21 அங்குலம். நைலோன் நரம்புகள் நான்கு. உருக்குக் கம்பியைப் போல விரலை வெட்டாது. 1879இல் போர்த்துக்கலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குக் கப்பலில் வந்த மக்கள் தங்களோடு சிறு வாத்தியங்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றிலிருந்துதான் உகுலேலே அங்கு உருவானது.

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனாலும் முதல் நாளிலேயே ஒரு சுரக்கூட்டை வாசிக்க முடிந்தது. இதன் கழுத்து கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வாத்தியத்தை மார்போடு அணைத்துப் பிடிக்கும்போது ஆகக் கீழே உள்ள நரம்பின் மூன்றாம் கட்டத்தை மோதிர விரலால் அழுத்தினால் 'சி'. ஆக மேலே உள்ள நரம்பின் இரண்டாம் கட்டத்தை நடுவிரலால் அழுத்தினால் 'ஏ மைனர்'. அந்த விரலை எடுக்காமல், கீழிருந்து இரண்டாவது நரம்பின் முதற் கட்டத்தில் சுட்டுவிரலையும் வைத்தால் 'எப்'. 'ஜி'க்கு மூன்று விரல்கள் வேண்டும். எத்தனையோ பொப் பாடல்கள் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதுதான் சிரமம். வலக்கையை நிறுத்தாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மெதுவாகத் தட்டிவர, இடக்கை தானாகப் பழகும். இப்போது ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை ஆமை வேகத்தில் முயன்று வருகிறேன்.

"இந்த வயதில் இது என்னத்துக்கு?" என்று ஒருவர் கேட்டார். தையல் பழகினால் இப்படிக் கேட்க மாட்டார்கள். அதில் வருமானம் உண்டு. கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போனாலும் கேட்க மாட்டார்கள். ஒரு பெண் தன் மனதுக்காக ஒன்றைப் பழகினால்தான் கேள்வி வருகிறது. கணவனை இழந்தவள், காணாமற்போன பிள்ளையைத் தேடுபவள் என்றால், அவள் சிரித்தாலே ஊர் கதைக்கும். சமூகவியலில் இதற்குச் 'சமூகக் கட்டுப்பாடு' என்று பெயர். நம் வீடுகளில் இதன் பெயர் 'சனம் என்ன சொல்லும்?'

முன்பு நன்றாகப் பாடிய ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "நான் பாடினால், அவரை மறந்திட்டன் எண்டு நினைப்பினம் தங்கச்சி." நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய துக்கத்தை அளக்க நான் யார்? ஆனால் துக்கத்தை ஊருக்கு நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது, இழப்போடு சேர்த்துப் பெண்கள்மீது ஏற்றப்பட்ட இன்னொரு சுமை அல்லவா?

ஹவாயின் கடைசி அரசி லிலியுகலானி 1893இல் ஆட்சியை இழந்தார். 1895இல் தன் அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறைவைக்கப்பட்டார். செய்தித்தாள் தரவில்லை, தாளும் பென்சிலும் கிடைத்தன. தொடக்கத்தில் வாத்தியம் எதுவும் இல்லை. தானே கோடுகள் வரைந்து, தன் குரலை மட்டும் கொண்டு சுரங்களை எழுதினார். பாடியதால் அவர் தன் நாட்டை மறந்துவிடவில்லை.

உகுலேலே வாங்க எல்லோருக்கும் வசதி இராது. வாங்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குரல் இருக்கிறது, தாளம் தட்டக் கையும் இருக்கிறது. பிள்ளைகள் நித்திரையான பிறகு பத்து நிமிடத்தை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். பிழையாக வந்தாலும் பரவாயில்லை. உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டொன்றின் முதல் அடியைப் பாடிப் பாருங்கள்.