பனிமலை ஏறுவோரும் மண்மலையின் கீழ் வாழ்வோரும்

"மலைக்குப் போகிறேன்" என்று ஊவாத் தோட்டத்துப் பெண் ஒருத்தி கூறினால், அவள் சிகரம் ஏறப் புறப்பட்டாள் என்பது பொருளன்று. காலைப் பிரட்டு முடிந்து, படங்கை இடுப்பிற் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கச் செல்கிறாள் என்பதே பொருள். தேயிலை நிரைதான் அவளுக்கு மலை. இதே சொற்களை நகரத்துக் கனவான் கூறும்போது அது சாகசமாகிவிடுகிறது. படமும் கட்டுரையும் பாராட்டுக் கூட்டமும் அதனைத் தொடர்கின்றன.

கிளிமஞ்சாரோ ஏறித் திரும்புவது இன்று வசதி படைத்தோரின் தீர்த்த யாத்திரையாகி வருகிறது. தன்சானியாவில் 5,895 மீற்றர் உயர்ந்து நிற்கும் அந்த எரிமலையின் உச்சியில் பனி உண்டு. வழிகாட்டி இன்றி அதில் ஏற விதிகள் இடந்தரா. ஐந்து முதல் எட்டு நாள்வரை நீளும் பயணத்தில் ஒரு பயணிக்கு மூவர் நால்வர் வீதம் சுமையாளரும் சமையற்காரரும் உடன் செல்வர். கூடாரமும் அரிசியும் அடுப்பும், உண்ண உட்காரும் நாற்காலியுங்கூட அவர்கள் தலைமேல்தான் ஏறுகின்றன. பின்னர், "மலையை வென்றேன்" என்று எழுதுகிறவர் பயணி!

இந்த வெற்றிப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1889இல் உச்சியை அடைந்த ஜெர்மானியர் ஹான்ஸ் மேயர், தம் பேரரசன் வில்ஹெல்மின் பெயரை அதற்குச் சூட்டினார். அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழை பயிரிட்டு வாழ்ந்த சாகா மக்களை யாரும் கேட்கவில்லை. 1961இல் தங்கனீக்கா விடுதலை பெற்றதும் அச்சிகரம் 'உகுரு' ஆயிற்று. சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள். பெயர் மாறியது நல்லதே. ஆயினும் விடுதலைச் சிகரத்துக்கு அந்நியரின் மூட்டையைச் சுமப்பவன் இன்றும் அந்த அடிவாரத்து ஏழைதான்.

இருந்தும் அங்கே ஒன்று நடக்கிறது. சுமையாளன் தூக்கும் பயணச் சுமை இருபது கிலோவுக்கு மிகலாகாது என விதி உண்டு. வாயிலில் தராசு வைத்து நிறுக்கிறார்கள். விதி மீறப்படுவதும் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தராசின் நோக்கத்தைப் பாருங்கள்: சுமை கூடிவிடக் கூடாது! நம் தோட்டத்து நிறுவைத் தராசின் நோக்கம் என்ன? குறைந்துவிடக் கூடாது! குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். மழையில் நனைந்த கொழுந்து என்றால் நீர்க்கழிவு வேறு.

மலையேற்றம் துணிவை வளர்க்கும் கல்வி என்று சில ஆசிரிய நண்பர்கள் வாதிடுகின்றனர். மாணவர் மலை ஏறுவதில் எனக்குப் பகை இல்லை. தம் விருப்பத்தால் ஆபத்தைத் தேடுவோரின் துணிவை மட்டுமே கற்பித்து, வேறு வழியின்றி ஆபத்தில் குடியிருப்போரை "அறியாமை மிக்கோர்" என்று ஒதுக்கும் கல்வியைத்தான் எதிர்க்கிறேன்.

2014ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 18ஆம் நாள் எவரெஸ்டில் பனி சரிந்து பதினாறு பேர் மாண்டனர். அனைவரும் பிறருக்காக வழி அமைத்தும் சுமை தூக்கியும் பிழைத்த நேபாளத் தொழிலாளர். அவ்வாண்டே ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையின் மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. கிளிமஞ்சாரோவில் ஒவ்வொரு தங்குமிடத்திலும் பயணியின் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். மீரியபெத்தவிலோ மண்ணுக்குள் இருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது.

"2005இலும் 2011இலும் எச்சரித்தோம், அவர்கள் வெளியேறவில்லை" என்று அன்று பதில் கூறப்பட்டது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது உண்மை. ஆனால் எச்சரிக்கை என்பது என்ன? பனிமலையில் வழிகாட்டி "இறங்கு" என்றால், இறங்குவதற்குப் பாதை உண்டு. கீழே கூடாரம் உண்டு. தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு. மீரியபெத்தவில் "போ" என்றார்கள். எங்கே போவது என்பதற்கு ஒரு துண்டு நிலம் காட்டினார்களா? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையும் அந்த மலையில்தான். அதைவிட்டுத் தூரம் போனால் பேர் இல்லை, பேர் இல்லையேல் அடுப்பு எரியாது. 1948இன் சட்டத்தால் குடியுரிமையையே பறிகொடுத்து, பல பத்தாண்டுகள் போராடி அதனை மீட்ட மக்களிடம் காணி உறுதி எப்படி இருக்கும்? போக இடமில்லாதவரைப் பார்த்துப் "போகவில்லை" என்று குற்றஞ்சாட்டுவது எந்த நீதி?

சரிவு நிகழ்ந்த அதே மலைத்தொடரில்தான் தம்பதென்னைத் தோட்டத்தின் உச்சியில் 'லிப்டன் ஆசனம்' இருக்கிறது. 1890இல் அத்தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் அங்கிருந்து தம் உடைமையைக் கண்டு களித்தாராம். இப்போது உல்லாசப் பயணிகள் ஏறி, அவருடைய சிலையருகே அமர்ந்து தேநீர் அருந்திப் படம் பிடிக்கிறார்கள். முந்நூறு கிலோமீற்றர் நீளத்துக்குத் தேயிலை மலைகளூடே 'பெக்கோ' நடைபாதையும் அமைத்தாயிற்று. வருமானம் வரும் என்கிறார்கள், வரட்டும். அந்தப் பாதைகளை வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் அந்தப் படங்களில் பின்னணிக் காட்சியாக மட்டும் நிற்பதற்கு நாம் ஏன் கைதட்ட வேண்டும்? 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, தம் முன்னோர் செத்து விழுந்த வழியே நடந்தார்கள். நம் மாணவர் அறிய வேண்டிய நெடும்பயணம் அதுவன்றோ!

மீரியபெத்தவில் எஞ்சியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் அடைபட்டுக் காத்திருந்தனர். 2016இல்தான் பூனாகலையில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் மலைகள் மீண்டும் சரிந்தன. நாடெங்கும் மாண்டோர் 600க்கும் மேற்பட்டோர். அபாய வலயம் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு லயத்துக்கும் மாற்றாக, வேலைத்தலத்துக்கு எட்டும் தொலைவில், உறுதிப் பத்திரத்துடன் காணி எங்கே என்று ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இந்த மழைக்காலத்திற்கு முன்பே கேட்டாக வேண்டும்.