முழுப்பேரும் அரைப்பேரும்

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பெற்றோர் இட்ட பெயர். மற்றது, ஒரு நாட் கூலி. நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர், குறைந்தவளுக்கு அரைப்பேர். செக்ரோலில் பேர் விழாத நாள், எவ்வளவு வியர்வை சிந்தியிருந்தாலும், அவள் உழைக்காத நாள். இரத்தினபுரியின் தேயிலை மலையிலும் கேகாலையின் இறப்பர்க் காட்டிலும் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது பாலபாடம். ஆகவே, வாக்காளர் இடாப்பிலே பேர் எழுதுபவருக்கு என்ன கூலி, அதை எந்த அளவுகோலால் அளப்பது என்ற வினா எம் மக்களுக்கு விளங்காது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. விளங்காதவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

அவர்கள் இரு சாரார். ‘பேருக்கு இவ்வளவு என்று காசைக் கொடுத்துவிட்டால் வேலை மளமளவென்று முடிந்துவிடும்’ என்பார் ஒரு சாரார். மற்றைச் சாராரோ, ஜனநாயகத் திருப்பணிக்குக் கூலி பேசுவதே இழுக்கு என்று முகஞ் சுளிக்கின்றனர். வருத்தத்துக்குரியது யாதெனில், இந்த இரண்டாவது கூட்டத்தில் எம் முற்போக்கு நண்பர்களும் பலர் இருப்பதே.

முதற் சாராருக்குத் தோட்ட வரலாறே விடை தரும். கங்காணி காலத்தில், வேலைக்கு இறங்கிய ஆளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலில் கிடந்தவனையும் பெரட்டுக் களத்துக்கு இழுத்துவந்தது கங்காணியின் கொடுமனம் மட்டுமன்று. அவன் வருவாயை அளந்த முறையுமாகும். இது பழங்கதை என்போர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 2008 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், ஏழை மக்களிடையே வேலை செய்த ‘ஏக்கோர்ன்’ என்னும் அமைப்பு, லாஸ் வேகாஸ் நகரில் ஒரு பொழுதுக்கு 21 படிவங்கள் சேர்த்த ஊழியருக்கு 5 டொலர் மேலதிகமாகக் கொடுத்தது. பதிவின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி கொடுப்பதை நெவாடா மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. வழக்கு நடந்து, 2011 இல் அமைப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டது. எண்ணிக்கையைத் துரத்தும் சில்லறைக் கூலிக்காரன் இல்லாத பேரையும் எழுதத் துணிவான். பழியோ, மெய்யாகவே முதன்முறை பேர் பதிந்த ஏழையின் தலையில் விழும்.

நம் மலைகளில் இதன் விளைவு இன்னும் விபரீதமாகும். பேருக்குக் காசு என்றால், ஆட்கள் நெருக்கமாக வாழும் கடைவீதிக்குத்தான் கால் நடக்கும். இருபது குடும்பங்களுக்காக மேற்கணக்கு மலையுச்சி லயத்துக்கு எவர் ஏறுவார்?

இனி, தொண்டுள்ளம் படைத்த நண்பர்களுக்கு வருகிறேன். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தை அவர்கள் பெருமையோடு சுட்டுவர். அவ்வாண்டின் இறுதியில், நடமாடும் நிலையங்களின் மூலம் பத்து நாளளவில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். படிவம் நிரப்பக் குனிந்த தொண்டர்களின் முதுகுகளை நானும் வணங்குகிறேன். ஆனால் அது தேர்த் திருவிழா. தேரிழுக்க ஊர் கூடும். வீதியை நாள்தோறும் கூட்டுபவர் யார்? இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவது. அதற்கு வேண்டியது ஆவேசமன்று, ஒழுங்கான சம்பளம்.

தொண்டு என்ற பெயரில் உழைப்பை மலிவாக வாங்கும் வித்தையில் அரசுகள் கைதேர்ந்தவை. இந்தியாவில் இவ்வேலையைச் சுமக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலருட் பலர் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பெண்களும் ஆவர். ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த அவர்களது மதிப்பூதியம் 2025 ஆகஸ்டில் 12,000 ஆக்கப்பட்டது. இரட்டிப்பு என்று முழங்கினர். மாதத்துக்கு 1,000 என்று வகுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் நடந்தபோது, தாங்கொணா வேலைச் சுமையைக் காட்டி வருவாய்த்துறை ஊழியர்கள் அப்பணியைப் புறக்கணித்தனர்.

எம்மிடத்தில் இச்சுமை கிராம உத்தியோகத்தரின் தோளில். என் மாணவி ஒருத்தி, பதினெட்டு நிரம்பியவள், தன் பேர் இடாப்பில் இல்லை என்று வந்து நின்றாள். விசாரித்தேன். விபரம் எடுக்க வந்தவர் மலையடிவாரத்துக் கடையோடு திரும்பியிருந்தார். மேல் லயத்துக்கான தாள்களைக் கடையிலேயே வைத்துவிட்டார். கோபத்தோடுதான் அவரைத் தேடிப் போனேன். மனிதர் கெட்டவரல்லர். மேலே ஏற முச்சக்கரவண்டிக்குத் தம் கைக்காசைக் கொடுக்க வேண்டும் என்றார். தமக்குத் தமிழ் தெரியாது, லயத்தில் ஒரே பேரில் மூவர் இருந்தால் எவர் எவரென்று கேட்டறிய ஒரு துணையாளும் இல்லை என்றார். அவரைக் குற்றஞ்சாட்டப் போன நான், அவருடைய வழக்கறிஞனாய்த் திரும்பினேன்.

ஒரு பேர் விடுபட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்பவர் இம்மண்ணின் சரித்திரம் அறியாதவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 இல் குடியுரிமைச் சட்டமும், 1949 இல் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. தோட்ட மக்கள் இடாப்பிலிருந்து துடைக்கப்பட்டனர். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் தம் பேரைச் சேர்க்கக் கோரிய கோடாக்கன்பிள்ளையின் வழக்கு, லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை ஏறி, 1953 இல் தோற்றது. அதன்பின் அரை நூற்றாண்டு! ஒரு பேருக்காகக் கடல் கடந்து வழக்காடிய மக்களின் பேரப்பிள்ளைகள், வண்டிக் கூலி இல்லாமையால் விடுபடுவதா? அன்று சட்டம் செய்ததை இன்று கஞ்சத்தனம் செய்கிறது.

ஆகவே கூலியைச் சட்டத்தில் எழுதுங்கள். பேருக்கல்ல, நாளுக்கு. தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் தனிப் படி கொடுங்கள். மலையேறியவரும் கடைவீதியில் நின்றவரும் ஒன்றல்லர். சிங்களமும் தமிழும் தெரிந்த துணையாளொருவரை அத்தோட்டத்து இளைஞரிடமிருந்தே நியமித்து, அவருக்கும் முழுப்பேர் போடுங்கள். இவ்வேலைக்குத் தோட்ட நிருவாகமோ கட்சியோ ஒரு சதமேனும் கொடுக்கலாகாது. காசு கொடுப்பவன் பேரையும் தெரிந்தெடுப்பான். எந்த லயத்துக்கு எந்தத் தேதியில் யார் சென்றார் என்பது லயத்துச் சுவரில் ஒட்டப்படட்டும். ஆனால் ஒன்று: பேருக்குக் காசு கூடாது என்ற விதியைச் சாக்காக்கி, காசே கூடாது என்று கைவிரிக்க இடங்கொடுக்கலாகாது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் அமர்வோர்க்குப் படி கொடுக்கப்படுகிறது. ஆசிரியர்களாகிய நாமும் அதைக் கைநீட்டி வாங்கியிருக்கிறோம். பெட்டியருகே அமர்ந்தவருக்குக் கிடைப்பது, அப்பெட்டிக்கு வரவேண்டியவரைத் தேடி மலையேறியவருக்கும் கிடைக்கட்டும் என்று அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் முதலிற் கேட்க வேண்டியவை எங்கள் ஆசிரியர் சங்கங்களே. தோட்டத் தொழிற்சங்கங்களையும் கூட்டிக்கொண்டு கேட்கட்டும். என் மாணவியின் விண்ணப்பத்தை நானே எடுத்துச் சென்று கொடுத்தேன். அவளுடைய லயத்தில் இன்னும் நான்கு பேர் இருக்கின்றனர்.