மேலே போறேன்!

லண்டனில் காரைக் கிளப்பி எம்-1 நெடுஞ்சாலையில் ஏறினால், நீல நிற போர்டில் கொட்டை எழுத்தில் 'வடக்கு' என்று போட்டிருக்கும். ஊர்ப் பெயரெல்லாம் அப்புறம்தான். சரி, அந்த வடக்கு எங்கே ஆரம்பிக்கிறது? லண்டன்காரரைக் கேட்டால், பாதி வழியில் இருக்கும் 'வாட்ஃபோர்டு கேப்' என்ற இடத்தைச் சொல்லி, 'அதைத் தாண்டினால் வடக்குதான்' என்பார். அசல் வடக்கத்தியாரோ, 'அதெல்லாம் தெற்குய்யா' என்று சிரிப்பார்.

சிரிக்காதீர்கள். நம் கதையும் அதேதான்.

வெள்ளைக்காரன் போன பிறகும் சென்னையில் ஜி.எஸ்.டி. ரோடு இருக்கிறது. விரித்தால் 'கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு'. அதாவது தெற்கே போகிற ரோடு. என் திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம்மேட்டுக்கு தாம்பரம் தாண்டினாலே தெற்கு. விழுப்புரத்துக்காரரைக் கேளுங்கள், 'திருச்சிக்கு அந்தப் பக்கம்' என்பார். திருச்சிக்காரர் மதுரையைக் கை காட்டுவார். மதுரைக்காரர், 'தெக்கத்தி ஆளுன்னா அது திருநெல்வேலி' என்பார். திருநெல்வேலிக்காரர் நாகர்கோவிலைக் காட்டுவார். நாகர்கோவில்காரர் பாவம், கடலைத்தான் காட்ட வேண்டும்!

"உங்க போடி எந்தத் திசைடா?" என்றான் ரூம்மேட்.

"தெற்குதான். ஆனா மேப்புல மதுரையைவிட ஒரு இம்மி வடக்கே இருக்கு."

"குழப்பாதே. எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறுவே?"

"சென்ட்ரல்."

அவன் என்னை வட இந்தியன் மாதிரி பார்த்தான். தெற்கே போகிற ரயில் என்றால் எழும்பூர் என்பதுதானே சென்னையின் வேதம்? ஆனால் 2023 ஜூனில் போடிக்கு விட்ட ரயில் சென்ட்ரலிலிருந்து காட்பாடி, சேலம், நாமக்கல் என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது. மீட்டர் கேஜை நிறுத்திவிட்டு, அகல ரயிலுக்காக எங்களைப் பன்னிரண்டு வருஷம் காக்க வைத்தார்கள். எந்த ஸ்டேஷனாக இருந்தால் என்ன, வந்ததே பெரிசு!

உண்மையைச் சொன்னால், போடிக்காரனுக்கு வடக்கும் தெற்கும் முக்கியமே இல்லை. எங்களுக்கு இரண்டே திசை. மேலே, கீழே.

மேலே என்றால் போடிமெட்டு. பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏறி முடித்தால் நாலாயிரம் அடிக்கு மேல் உயரம், குளிர், டீக்கடை, செக்போஸ்ட். அந்தப் பக்கம் கேரளம், ஏலத்தோட்டம்.

மேற்கு என்ற சொல்லே 'மேல்', கிழக்கு என்றால் 'கீழ்'. மலை மேற்கே, கடல் கிழக்கே இருக்கிற தமிழனுக்குப் பொருத்தமான பெயர். வேடிக்கை என்னவென்றால், மலையாளத்திலும் அது 'கிழக்கு'தான். கொச்சியிலிருந்து போடிமெட்டுக்குக் கிழக்கே வருகிறவர், 'கீழ்' என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறுகிறார்! இதைப் பிடித்துக்கொண்டுதான் கால்டுவெல் 1856-ல், 'இந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனது' என்று வாதாடினார். மேற்குக்கு மட்டும் அவர்கள் சூரியன் படிகிற திசை என்று 'படிஞ்ஞாறு' வைத்துக்கொண்டார்கள்.

மனிதர்களுக்குத்தான் இந்த வம்பு. 1956 நவம்பர் 1-ல் தேவிகுளம், பீருமேடு கேரளம் என்று ஆனது. ஏலக்காய் அதைக் கண்டுகொள்ளவில்லை. இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் போடியிலுமாகக் கம்ப்யூட்டரில் ஒரே ஏலம் நடக்கிறது. பி.காம். படித்தவன் சொல்கிறேன், சரக்குக்குத் திசை கிடையாது, விலைதான் உண்டு.

எனக்கு அந்த பி.காம். வந்ததே ஏலக்காயால். அம்மா விடியற்காலை ஜீப்பில் மேலே போய்ப் பழம் எடுத்து, இருட்டுகிற நேரத்தில் கீழே இறங்குவாள். ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது. எண்ணினால் தூக்கம் வராது.

சென்னையில் முதல் வேலை. பக்கத்து சீட்காரர் அன்பாக விசாரித்தார்.

"அம்மா என்ன பண்றாங்க?"

"காலையிலேயே மேல போயிட்டாங்க சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ... எப்போ?"

"ஆறு மணிக்கு."

"எப்படிப்பா?"

"ஜீப்புல சார்!"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2020-ல் கொரோனா. செக்போஸ்ட்டில் தடை. இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், நடுவில் இ-பாஸ். தினமும் போய்வந்த மலை திடீரென்று ரொம்ப தூரமாகிவிட்டது. அம்மா போனில் சொன்னாள்:

"சாமி, மேல இப்ப வெளிநாடு ஆயிருச்சாம்டா."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சம்பளம் மேலே இருந்தது, அடுப்பு கீழே இருந்தது.

நான் அனுப்பிய பணத்தை வாங்கிக்கொண்டாள். ஆனால் இருபத்தைந்து வருஷம் சொந்தக் கையால் சம்பாதித்தவளுக்கு மகன் காசு மருந்து மாதிரிதான், விழுங்கலாம், ருசிக்காது.

கெடுபிடி தளர்ந்து ஒருநாள் விடியற்காலை போன் வந்தது. பின்னால் ஜீப் ஹாரன்.

"சாமி, நான் மேல போறேன்!"

பெற்ற தாய் இப்படிச் சொல்லி சந்தோஷப்பட்ட ஒரே மகன் நானாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் அன்றைக்கு ராத்திரி, "கீழ இறங்கிட்டேன்" என்று இன்னொரு போன் வருகிறவரை நான் சாப்பிடவில்லை.