மாயக் கப்பலும் வெந்த சிப்பாயும்

பழவங்காடி கணபதி கோயில் இந்திய இராணுவத்தின் பராமரிப்பில் உள்ளது என்பதை இங்கு தேங்காய் உடைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் தமிழர்கள் அறிவார்கள். திருவிதாங்கூர் நாயர் படையினர் வழிபட்டு வந்த பிள்ளையார் அவர். எனவே பட்டாளத்துக் கதைகளுக்கு இந்த வட்டாரத்தில் என்றும் மவுசு உண்டு.

அத்தகைய கதைகளில் உலகெங்கும் சுற்றி வருவது பிலடெல்பியா கதை. 1943 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படை 'எல்ட்ரிட்ஜ்' என்ற போர்க்கப்பலைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததாம். மாலுமிகள் சித்தப்பிரமை பிடித்துப் போனார்களாம். இதற்கு மூலம், 1950-களில் ஒரு நூலாசிரியருக்கு ஒரு மனிதர் எழுதிய கடிதங்களே. அக்கப்பல் அந்த அக்டோபரில் பிலடெல்பியாவிலேயே இல்லை என்று கப்பலின் குறிப்பேடுகள் காட்டுகின்றன. அக்காலத்தில் கப்பலைச் சுற்றி மின்கம்பி ஓட்டி அதன் காந்த சக்தியைக் குறைத்தது உண்மை. அது காந்தக் கண்ணிகளிடமிருந்து தப்புவதற்காக. மனிதக் கண்ணிலிருந்து மறைவதற்காக அல்ல.

பொய்க்கதைக்கு இத்தனை வரவேற்பு இருக்க, நம் நாட்டுச் சிப்பாய்கள் மீதே நடந்த மெய்யான இரகசியச் சோதனையைப் பேசுவார் இல்லை. 1930-களின் தொடக்கத்திலிருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம் உட்பட, பத்தாண்டுகளுக்கும் மேலாக ராவல்பிண்டியில் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கடுகு வாயுவுக்கு உட்படுத்தினர். வெள்ளைத் தோலைவிட இந்தியத் தோலை அது அதிகம் தாக்குமா என்று பார்ப்பதும் நோக்கங்களில் ஒன்று. அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் அணிவித்து வாயு அறைக்குள் அனுப்பப்பட்டவர்கள் உண்டு. தோல் வெந்து மருத்துவமனையில் கிடந்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கிடந்த இந்த விவரங்கள் 2007-ல்தான் பத்திரிகையில் வெளிவந்தன.

மாயக் கப்பலுக்காக எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வெந்த சிப்பாய்க்குப் பதில் சொல்லியாக வேண்டும். போர்ட்டன் டவுனில் சோதனைக்குள்ளான பிரிட்டிஷ் வீரர்கள் 360 பேருக்கு 2008-ல் முப்பது லட்சம் பவுன் நஷ்டஈடு வழங்க அந்நாட்டு அரசு முன்வந்தது. தன் நாட்டு வீரனுக்கு ஒரு நீதி, தனக்காக உழைத்த இந்தியனுக்கு வேறு நீதியா?

அந்தச் சிப்பாய்களில் இன்று உயிரோடு இருப்பவர் அரிது. ஆனால் அவர்களுக்குப் பெயர் இருந்தது, பட்டாள எண் இருந்தது, குடும்பம் இருந்தது. இந்திய அரசு அந்த ஆவணங்களின் பிரதிகளைப் பிரிட்டனிடம் கேட்டுப் பெற்று, கிடைக்கும் பெயர்களை வெளியிட வேண்டும். சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்கு உண்மையைத் தெரிவிக்க வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் டிஸ்சார்ஜ் காகிதம் பெட்டியில் இருந்தால் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பத்திரமாக வையுங்கள். மறைந்த கப்பலைத் தேடுவதை விட, மறைக்கப்பட்ட மனிதர்களைத் தேடுவதே நமக்கு முறை.